தேடுபொறித் தரவுத்தளத்தைப் புதுப் பதிப்புக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பனில் எங்கள் தெரு வாசகசாலையின் பின்னறையில் ஒரு பழைய டெஸ்க்டாப் கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கரையின் மீன் பெயர்கள், பாசிப் பெயர்கள், காற்றின் பெயர்கள், அம்பாப் பாட்டுகள் (மீனவர்கள் வேலையின்போது பாடுபவை), பழைய துண்டறிக்கைகள், பெரியவர்களிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவற்றைத் தேடித் தருவது மெய்லிசர்ச் என்ற தேடுபொறி. யாருடைய வாடகை சர்வரும் இல்லை, எல்லாம் எங்கள் கணினியிலேயே ஓடுகிறது. மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று பல ஊர்களில் இதேபோல் வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் வந்து கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் பதிப்பு மாற்றத்தைப் பற்றியவை. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

தேடுபொறிக்குத் தனியாக ஒரு தரவுத்தளம் எதற்கு? எங்கள் குறிப்புகள் ஏற்கெனவே எக்செல் கோப்பில் இருக்கின்றனவே?

இருக்கட்டும், அதுதான் மூலம். தேடுபொறி அதைப் படித்து வேறொரு வடிவத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. தடித்த நூல்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, ‘கணவாய்: 14, 87, 203’ என்று, அதே வேலைதான். எந்தச் சொல் எந்தக் குறிப்பில் எந்த இடத்தில் வருகிறது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதால்தான், நீங்கள் ‘கணவாய்’ என்று தட்டி முடிப்பதற்குள் விடை வந்து நிற்கிறது.

சொல்லடைவு தொலைந்தால் நூலைப் பார்த்து மறுபடி எழுதிவிடலாம். ஆனால் நாளாக ஆக, மூலத்தில் இல்லாத சில விஷயங்களும் தேடுபொறிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. இணைச்சொல் பட்டியல் (ஒரு சொல்லைத் தேடினால் அதே பொருளுள்ள மற்றச் சொல்லையும் காட்டச் சொல்வது), தலைப்பில் முதலில் தேடு, விளக்கத்தில் அப்புறம் தேடு என்ற வரிசை, தேடலில் விட்டுவிட வேண்டிய சொற்கள், தேடவும் ஏற்றவும் அனுமதி தரும் கடவுச்சொல் போன்ற சாவிகள். இவை எக்செல் கோப்பில் கிடைக்காது. இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பப் பேசப்போவது இவற்றைப் பற்றித்தான்.

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்குத் தொட வேண்டும்?

ஒவ்வொரு பதிப்புக்கும் தொட வேண்டியதில்லை. நாங்கள் ஆண்டுக்கு ஒரு முறை, சில ஆண்டு இரண்டு முறை மாற்றுகிறோம். பாதுகாப்புக் குறை ஏதாவது சரிசெய்யப்பட்டிருந்தால் காத்திருப்பதில்லை.

அறவே தொடாமல் விட்டால் வேறு சிக்கல். பழைய பதிப்புக்கும் புதியதற்கும் இடைவெளி கூடக்கூட, நடுவில் மாறிய அமைப்புகளை எல்லாம் ஒரே நாளில் சமாளிக்க வேண்டிவரும். மெய்லிசர்ச்சின் 1.0 பதிப்பு 2023 பிப்ரவரியில் வந்தது. அதற்கும் முந்தைய பதிப்பில் இன்னும் ஓடும் ஒரு சர்வரை நான் பார்த்திருக்கிறேன். அதை நகர்த்த எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. ஆண்டுதோறும் செய்தால் ஒரு மாலைப்பொழுது வேலை.

பதிப்பு மாறியதும் ‘தரவுத்தளம் பொருந்தவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறதே, தரவு கெட்டுவிட்டதா?

இல்லை, பதற வேண்டாம். தரவு அப்படியேதான் இருக்கிறது. பொறிதான் அதைப் படிக்க மறுக்கிறது.

சொல்லடைவை வட்டில் எந்த ஒழுங்கில் எழுதுவது என்பதைப் பொறியை எழுதுகிறவர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாற்றுவார்கள். வேகத்துக்காகவோ புது வசதிக்காகவோ மாற்ற வேண்டித்தான் வருகிறது. பழைய ஒழுங்கில் எழுதியதைப் புதுப் பொறி தன் ஒழுங்கு என்று நினைத்துப் படித்தால் தப்பும் தவறுமாக விடை வரும். அதற்குப் பதில், ‘உன் தரவுத்தளம் இந்தப் பதிப்பு, நான் இந்தப் பதிப்பு, இரண்டும் பொருந்தாது’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. நின்றது நல்லது. அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பழைய பதிப்பு எண்ணைத் திரும்பப் போட்டு, அதே கோப்புறையோடு ஓடவிடுங்கள். எழுந்து நிற்கும். மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

கோப்புறையை மட்டும் அழிக்காதீர்கள்.

‘அழிக்காதீர்கள்’ என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்களே, உங்களுக்கு ஏதாவது நேர்ந்ததா?

நேர்ந்தது. இந்தப் பக்கத்தை எழுதுவதே அதனால்தான்.

முதல் இரண்டு ஆண்டுகள் நாங்கள், மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரின் அமைப்புக் கோப்பில் பதிப்பு எண் எழுதவில்லை. ‘கடைசியாக வந்தது எதுவோ அது’ என்று விட்டிருந்தோம். ஒருநாள் அதே கணினியில் ஓடும் படத்தொகுப்பு மென்பொருளைப் புதுப்பிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புதுப் பிம்பங்களை (டாக்கர் ஓட்டும் மென்பொருள் பொதிகளை) இறக்கி மறுபடி கிளப்பினேன். படத்தொகுப்பு வந்தது, தேடுபொறி வரவில்லை. மேலே சொன்ன அதே செய்தி.

கேட்ட இடத்தில் ஒருவர், ‘அது வெறும் இன்டெக்ஸ்தானே, கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்’ என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. அழித்தேன். எக்செல் கோப்புகளிலிருந்து எல்லாக் குறிப்புகளையும் ஏற்றினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. தேடல் வேலை செய்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மண்டபத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி, ‘வஞ்சிரம் என்று தேடினால் உங்கள் ஊர்க் குறிப்பு ஒன்றுமே வரவில்லையே’ என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. எங்கள் குறிப்புகளில் வஞ்சிரம் என்ற சொல்லே கிடையாது. இங்கே அது சீலா. வஞ்சிரம் என்று தேடினால் சீலாவையும் காட்டு என்று சொல்லும் இணைச்சொல் பட்டியலைத் தேடுபொறியின் அமைப்புக்குள்தான் நேரடியாக ஏற்றி வந்தோம். வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள். கோப்புறையோடு போயிற்று.

அவற்றில் பாதியைத் தந்தவர் தெற்குவாடியில் இருந்த ஒரு பெரியவர். மாலையில் வலை பொத்திக்கொண்டே சொல்வார், நான் கைபேசியில் நேராகத் தட்டி ஏற்றிவிடுவேன். ‘தம்பி, இதை எங்க அப்பா வேற மாதிரி சொல்லுவாரு’ என்று ஆரம்பித்தால் ஒரே பொருளுக்கு மூன்று சொல் கிடைக்கும். பட்டியல் அழிந்தபோது அவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு இருநூற்றுச் சொச்சம் சொற்களைத் திரும்பச் சேர்த்துவிட்டோம். மீதி கிடைக்கவில்லை. என்னென்ன சொற்கள் போயின என்பதுகூட எனக்கு முழுமையாக நினைவில்லை.

இப்போது இணைச்சொற்கள் முதலில் ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதப்படும். யார் சொன்னது, எந்த ஊர் வழக்கு என்ற குறிப்போடு. அங்கிருந்துதான் தேடுபொறிக்குப் போகும்.

டம்ப், ஸ்னாப்ஷாட் இரண்டில் எதை எடுப்பது?

ஸ்னாப்ஷாட் என்பது தரவுத்தளத்தை இருக்கிறபடியே நகலெடுப்பது. திரும்ப வைத்ததும் உடனே ஓடும். ஆனால் எடுத்த அதே பதிப்பில்தான் ஓடும். வட்டு கெட்டுப்போனால் மீள்வதற்கு அது போதும்.

டம்ப் வேறு மாதிரி. குறிப்புகள், அமைப்புகள், இணைச்சொற்கள், சாவிகளின் விவரம் எல்லாவற்றையும் பதிப்பைச் சாராத வடிவத்தில் எழுதித் தரும். புதுப் பதிப்பு அதைப் படித்துச் சொல்லடைவை முதலிலிருந்து தானே எழுதிக்கொள்ளும். அதனால் நேரம் பிடிக்கும், நினைவகமும் தின்னும். பதிப்பு மாற்றத்துக்கு ஏற்றது இதுதான். இரண்டையும் எடுத்துவைப்பது எங்கள் வழக்கம்.

டம்ப் கோப்பு உண்மையில் ஒரு சுருக்கப்பட்ட பொதிதான். பிரித்துப் பார்க்கலாம். உள்ளே ஒவ்வொரு தொகுப்புக்கும் குறிப்புகள் ஒரு கோப்பிலும் அமைப்புகள் ஒரு கோப்பிலும் இருக்கும். பதிப்பு மாற்றும் முன் நான் அதைப் பிரித்து, அமைப்புக் கோப்பைத் திறந்து, ‘சீலா’ என்று தேடிப் பார்த்துவிடுவேன். கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

எந்த நாளில் செய்வது நல்லது?

எங்களுக்கு மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி, வண்ணம் அடித்து, இஞ்சினைப் பிரித்து மாட்டும் காலம். எங்களோடு சேர்ந்து இந்த வேலை செய்யும் இரண்டு தம்பிகள் விசைப்படகில் போகிறவர்கள். அவர்கள் கரையில் இருப்பது அப்போதுதான். கல்லூரிகளுக்கும் விடுமுறை என்பதால் தேட வருபவர்களும் குறைவு. இதைத் தனி ஆளாகச் செய்யாதீர்கள். ஒருவர் தட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை வாசிக்க வேண்டும். களைத்த கண் கோப்புறைப் பெயரைத் தவறாகப் படிக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடுவதில்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் எந்த மாதமானாலும் தொடுவதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளையும் முந்தின நாளையும் விட்டுவிடுங்கள். வேலை இழுத்துக்கொண்டு போனால் அடுத்த நாள் காலையில் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலில் இப்போது ஓடும் பதிப்பு எண்ணைப் பொறியிடமே கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். அப்புறம் உங்கள் பதிப்புக்கும் போகப்போகும் பதிப்புக்கும் நடுவில் வந்த வெளியீட்டுக் குறிப்புகளை எல்லாம் படியுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் ‘இனி இந்த அமைப்பு இல்லை’ என்ற ஒரு வரி அதற்குள்தான் இருக்கும்.

தொகுப்புகள் ஒவ்வொன்றிலும் எத்தனை குறிப்புகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இருபது, முப்பது தேடல்களை இப்போதே தேடிப் பார்த்து, முதலில் வரும் மூன்று விடைகளை எழுதிவையுங்கள். எங்கள் பட்டியலில் சீலா, வத்தை, மரிக்கொழுந்துப் பாசி, கொண்டல், கச்சான், சோழகம், சங்காயம் எல்லாம் உண்டு.

புதுக் குறிப்புகள் ஏற்றுவதை நிறுத்துங்கள். டம்ப் எடுக்கச் சொல்லுங்கள். சொன்ன உடனே பதில் வந்துவிடும், ஆனால் அது ‘வேலையை வரிசையில் சேர்த்தேன்’ என்ற பதில்தான். வேலைப் பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்து, வெற்றியாக முடிந்தது என்று வந்த பிறகே கோப்பை நம்பலாம். முடிந்ததும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, மேலே சொன்னபடி பிரித்துப் பாருங்கள்.

அடுத்து, பழையதை அப்படியே ஓடவிட்டுப் பக்கத்தில் புதியதைக் கிளப்புங்கள். மெய்லிசர்ச் இயல்பாக 7700 என்ற போர்ட்டில் (கணினியில் அந்த மென்பொருளுக்கான வாசல் எண்) ஓடும். புதியதற்கு 7701 கொடுங்கள். தரவுக் கோப்புறையும் தனியாக, வெறுமையாக இருக்க வேண்டும். தொடங்கும்போதே டம்ப்பை இறக்குமதி செய்யச் சொல்லித் தொடங்குங்கள். அந்தக் கோப்புறையில் ஏற்கெனவே தரவுத்தளம் இருந்தால் இறக்குமதி செய்யாமல் நின்றுவிடும். இறக்குமதி முடியும்வரை புதுப் பொறி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. செத்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், பதிவேட்டில் வரிகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

முடிந்ததும் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். எழுதிவைத்த தேடல்களை ஒன்றுவிடாமல் தேடுங்கள். எல்லாம் சரி என்றால் தேடல்களைப் பொறிக்குக் கடத்தும் எஞ்சின்எக்ஸ் மென்பொருளின் அமைப்பில் 7700 என்பதை 7701 ஆக்கினால் போதும், வருகிறவர்களுக்கு மாற்றமே தெரியாது. பழைய பொறியை நிறுத்திக் கோப்புறைக்குத் தேதியிட்டுப் பெயர் மாற்றி வையுங்கள். நாங்கள் ஒரு மாதம் வைத்திருப்போம்.

வட்டில் எவ்வளவு இடம் வேண்டும்? நினைவகம்?

இப்போதைய தரவுக் கோப்புறை எவ்வளவோ, அதைப்போல் மூன்று மடங்கு காலியாக இருக்கட்டும். பழையது, புதியது, டம்ப், ஸ்னாப்ஷாட் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கப்போகின்றன. எக்செல் கோப்பின் அளவைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், சொல்லடைவு அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். குறிப்புகளை நீக்கினாலும் கோப்பு உடனே சுருங்காது. மெய்லிசர்ச் எல்எம்டிபி என்ற சேமிப்பு முறையைப் பயன்படுத்துகிறது. காலியான இடத்தை வட்டுக்குத் திருப்பித் தராமல், அடுத்து எழுதுவதற்கு வைத்துக்கொள்வது அதன் இயல்பு.

சொல்லடைவு எழுதும்போது கணினியின் நினைவகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. அந்தக் கணினியில் வேறு மென்பொருள்களும் ஓடினால் அந்த வரம்பைக் குறைத்துச் சொல்லுங்கள். மெதுவாக முடியும், ஆனால் நடுவில் இயங்குதளம் அதைக் கொன்றுபோடாது.

ராஸ்பெர்ரி பையில் ஓடுமா?

ஓடும், அந்தச் சிறு கணினியில் இருக்கும் ஆர்ம் செயலிக்கான பதிப்பும் வருகிறது. எஸ்டி அட்டையில் தரவை வைக்காதீர்கள், யுஎஸ்பி வழியாக ஒரு எஸ்எஸ்டி மாட்டுங்கள்.

பாதியில் கரண்ட் போனால்?

டம்ப் எடுக்கும்போது போனால் ஒன்றும் இல்லை, மறுபடி எடுங்கள். அரைகுறையாக நிற்கும் டம்ப்பை மட்டும் அழித்துவிடுங்கள், பிற்பாடு அதை முழுமையானது என்று நினைத்துவிடக்கூடாது. புதுப் பொறியில் இறக்குமதி நடக்கும்போது போனால், அந்தப் புதுக் கோப்புறையை அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்குமதி செய்யுங்கள். இந்த ஒரு கோப்புறையை மட்டும் தாராளமாக அழிக்கலாம், பழையது தனியாக இருக்கிறதே.

யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். பேட்டரி தீர்வதற்குள் கணினி தானாக ஒழுங்காக அணையும்படி யுஎஸ்பி கம்பியால் இணைத்து அமையுங்கள். பலர் கம்பியை இணைப்பதே இல்லை. இந்தக் கரையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்று பேட்டரி முனைகளிலும் நினைவக அட்டையின் பற்களிலும் பச்சை பூக்க வைக்கும். பதிப்பு மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே கணினியைத் திறந்து துடைத்து, யுபிஎஸ் உண்மையிலேயே தாங்குகிறதா என்று சுவிட்சை அணைத்துப் பாருங்கள்.

டம்ப் எடுக்காமலே நேராகப் புதுப் பதிப்புக்குப் போகலாம் என்கிறார்களே?

போகலாம். 1.12-லிருந்து 1.13-க்கும் அதற்கு மேலும் போகிறவர்களுக்கு அந்த வசதி வந்திருக்கிறது. சோதனை நிலை வசதி என்ற அடையாளத்தோடு அறிமுகமானது. ஒரு தேர்வைச் சேர்த்துப் புதுப் பொறியைப் பழைய கோப்புறை மீதே கிளப்பினால், அதுவே தரவுத்தளத்தை மாற்றி எழுதிக்கொள்ளும். டம்ப்பைவிடப் பல மடங்கு விரைவு. மாற்றும் வேலையும் வேலைப் பட்டியலில் ஓர் எண்ணோடு வரும், வெற்றியாக முடிந்ததா என்று அங்கே பார்க்க வேண்டும்.

ஆனால் இது இருக்கிற கோப்புறையின் மீதே எழுதும் முறை. நடுவில் தடைபட்டால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்று ஆகிவிடும். குறிப்புகள் இலட்சக்கணக்கில் இருந்து, டம்ப் இறக்குமதிக்கு ஒரு நாள் ஆகும் என்றால் இதைச் செய்யுங்கள், முன்னதாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வேறு வட்டில் வைத்துவிட்டு. எங்களைப் போன்ற சிறு சேகரிப்புக்கு டம்ப் வழியே போதும். டம்ப் எடுக்கும் பழக்கம் கைவிட்டுப் போகக்கூடாது என்பது என் எண்ணம்.

சாவிகள் மாறிவிடுமா?

தலைமைச் சாவி அதேயாக இருந்தால் மாறாது. மற்றச் சாவிகள் எல்லாம் தலைமைச் சாவியையும் அந்தந்தச் சாவியின் அடையாள எண்ணையும் சேர்த்துக் கணக்கிடப்படுபவை. டம்ப்பில் அடையாள எண்கள் வந்துவிடும், தலைமைச் சாவியை நீங்கள்தான் தர வேண்டும். அது குறைந்தது 16 பைட் நீளம் இருக்க வேண்டும். ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

நாங்கள் எலாஸ்டிக்சர்ச் வைத்திருக்கிறோம். இதே முறைதானா?

எண்ணம் ஒன்றுதான், வழி வேறு. எலாஸ்டிக்சர்ச் என்ற அந்த இன்னொரு தேடுபொறி லூசீன் என்ற நிரல் நூலகத்தின் மேல் நிற்கிறது. அது தன் முந்தைய பெரும் பதிப்பில் எழுதிய சொல்லடைவைப் படிக்கும், அதற்கும் முந்தையதைப் படிக்காது. அதனால் 6-லிருந்து 8-க்குத் தாவ முடியாது. முதலில் 7.17-க்கு வந்து, 6-இல் உருவான தொகுப்புகளை அங்கே மறுபடி சொல்லடைவாக்கி, பிறகுதான் 8. அதேபோல் 9-க்குப் போக 8 தொடரின் கடைசிப் பதிப்புகளுக்கு வந்திருக்க வேண்டும். ஒருமுறை மேலே போனால் அதே தரவோடு கீழே இறங்க முடியாது, ஸ்னாப்ஷாட்டிலிருந்து பழைய பதிப்பில் மீட்பதுதான் வழி.

8-இல் கடவுச்சொல்லும் மறையாக்கமும் தானாகவே இயக்கத்தில் இருக்கும். 7-இல் திறந்த வீடாக வைத்திருந்தவர்களின் மற்ற நிரல்கள் அன்றைக்கு நின்றுபோகும். இன்னொன்று, வட்டு 95 விழுக்காடு நிரம்பினால் தொகுப்புகளில் எழுதவிடாமல் பூட்டிவிடும். மறுசொல்லடைவின்போது இது எளிதில் நடக்கும். முதலில் இடத்தைக் காலி செய்யுங்கள்.

மாற்றிய பிறகு ஆங்கிலச் சொற்கள் சரியாக வருகின்றன, தமிழ்த் தேடல் மட்டும் வேறு மாதிரி வருகிறதே?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு மிகவும் ஆசையாகப் பதில் எழுதத் தோன்றுகிறது. பதிப்பு மாற்றத்தில் சொற்களைப் பிரிக்கும் பகுதியும் மாறியிருக்கலாம். மாறியதா, முன்பிருந்தே அப்படித்தானா என்று தெரிய வேண்டுமானால் முன்பே எழுதிவைத்த தேடல் பட்டியல் வேண்டும். தமிழில் சோதிக்க வேண்டியவை சில உண்டு.

ஒன்று, கொம்பும் காலும். ‘கொண்டல்’ என்பதில் வரும் ‘கொ’வில் க-வோடு சேரும் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை நிறைய வரும். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம் என்பதால் ஏற்றும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், அதற்கு ஆயத்தக் கருவிகள் இருக்கின்றன.

இரண்டாவது ஔகாரம். ‘கௌ’வைப் பலர் ‘கெ’, ‘ள’ என்று இரண்டெழுத்தாகத் தட்டியிருப்பார்கள். இது சமம் என்று யூனிகோடு சொல்வதில்லை. அதனால் ஒரு தம்பி ‘எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடலாம்’ என்றார். மாற்றியிருந்தால் கெளுத்தி மீன் படிக்க முடியாத சொல்லாகியிருக்கும். அதில் வருவது உண்மையிலேயே கெகரமும் ளுகரமும்தான். இதைக் கையால்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

மூன்றாவது புள்ளி. மெய்லிசர்ச் நீங்கள் தட்டும் கடைசிச் சொல்லை முன்னொட்டாக எடுத்துத் தேடும். ‘வலை’ என்று தட்டினால் ‘வலையில்’, ‘வலையை’ எல்லாம் வந்துவிடும். ‘கடல்’ என்று தட்டினால் ‘கடலில்’ வராது. ஏனென்றால் கணினிக்குக் ‘கடல்’ என்பது க, ட, ல, அப்புறம் ஒரு புள்ளி. ‘கடலில்’ என்பதில் அந்த ல-வுக்குப் பின் புள்ளி இல்லை, இகரக் குறி இருக்கிறது. ‘மரம்’, ‘மரத்தில்’ கதையும் இப்படித்தான். மெய்யில் முடியும் முக்கியச் சொற்களுக்கு நாங்கள் இணைச்சொல் பட்டியலில் வழி செய்திருக்கிறோம். எலாஸ்டிக்சர்ச்சோ போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளோ வைத்திருப்பவர்கள் வேர்ச்சொல் காணும் கருவியைச் சேர்க்கலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கும் அது உண்டு.

நான்காவது எழுத்துப்பிழை பொறுத்தல். இயல்பாக ஐந்து எழுத்துச் சொல்லில் ஒரு பிழையும் ஒன்பதெழுத்துச் சொல்லில் இரண்டு பிழையும் பொறுக்கும். ஆனால் ‘மீ’ நமக்கு ஒரு எழுத்து, யூனிகோடில் இரண்டு குறியீடு. ஆகவே ஆங்கிலத்துக்குப் பொருந்தும் இந்த அளவு தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ஓரா என்று தேடினால் ஓரா மட்டும் வருகிறதா, சம்பந்தமில்லாதவை வருகின்றனவா என்று பார்த்து அளவைக் கூட்டிக் குறையுங்கள். இந்த அளவும் அமைப்புக்குள்தான் இருக்கும் என்பதால் அதையும் உரைக்கோப்பில் எழுதிவையுங்கள்.

கடைசியாக, ஊர்ப்பெயர்ச் சிக்கல். இங்கே சீலா என்றால் வஞ்சிரம். சென்னைப் பக்கம் சீலா என்றால் ஊழி மீன், வேறு மீன். இரண்டையும் இருவழி இணைச்சொல்லாகப் போட்டால் ஊழியைத் தேடுபவருக்கு வஞ்சிரம் வரும். ஒருவழியாக மட்டும் போடுங்கள்: வஞ்சிரம் என்று தேடினால் சீலாவும் வரட்டும், ஊழி என்று தேடினால் வஞ்சிரம் வர வேண்டாம்.

டாக்கரில் பதிப்பு எண்ணை எப்படி எழுதுவது?

முழுமையாக எழுதுங்கள். ‘கடைசியாக வந்தது’ என்று ஒருபோதும் விடாதீர்கள். மாற்றும் நாளில் அந்த எண்ணை உங்கள் கையால் மாற்றுங்கள்.

புதியதில் பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பலாமா?

பழைய கோப்புறையும் பழைய பதிப்பு எண்ணும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. நடுவில் புதியதில் ஏற்றிய குறிப்புகள் மட்டும் பழையதில் இருக்காது, அவற்றை மறுபடி ஏற்ற வேண்டும். புதுப் பதிப்பில் எடுத்த டம்ப்பைப் பழைய பதிப்பில் ஏற்றிவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

பேக்கப்பை எங்கே வைப்பது?

ஒன்று அதே அறையில் வேறு வட்டில். இன்னொன்று தீவுக்கு வெளியே. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு பாம்பன் ரயில் பாலத்தையும் உடைத்தது. அந்த இரவைப் பார்த்தவர்களிடம் நாங்கள் எழுதிய குறிப்புகளும் இந்தக் கணினிக்குள்தான் இருக்கின்றன. எங்கள் மூன்றாவது நகல் மதுரையில் ஒரு உறவினர் வீட்டு அலமாரியில் ஹார்ட் டிஸ்க்காக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது மதுரை போகும்போது மாற்றிக்கொண்டு வருவோம். டம்ப், உரைக்கோப்புகள், எக்செல் மூலங்கள், ஒலிப்பதிவுகள் நான்கும் அதில் இருக்கும்.

நகல் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு இருப்பதும், அதிலிருந்து மீட்டுப் பார்த்திருப்பதும் ஒன்றல்ல. ஆண்டுக்கு ஒரு முறை அந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மட்டும் ஒரு வெற்றுக் கணினியில் முழுத் தேடலையும் எழுப்பிப் பாருங்கள். முதல் முறை செய்தபோது எங்களுக்குத் தலைமைச் சாவி எழுதிய தாளின் நகல் அங்கே இல்லை என்பது தெரிந்தது.

உங்கள் இணைச்சொல் பட்டியலை எங்களுக்குத் தருவீர்களா?

தருவோம். பென் டிரைவ் கொண்டுவாருங்கள், மாலை ஐந்து மணிக்கு மேல் வாசகசாலை திறந்திருக்கும். வரிக்கு ஒரு தொகுதியாக இருக்கும்: சொல், இணைச்சொற்கள், ஒருவழியா இருவழியா, எந்த ஊர், யார் சொன்னது. சொன்னவர்களின் பெயர்களை நீக்கி ஊரை மட்டும் வைத்துத் தருவோம்.

வரும்போது உங்கள் ஊர்ச் சொற்களையும் கொண்டுவாருங்கள். வடகடல் பக்கம் எங்களிடம் ஓரளவு நிறைந்திருக்கிறது. ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் மிகவும் குறைவு. பாசி எடுக்கும் பெண்கள் நீரோட்டத்துக்கும் பாறைகளுக்கும் சொல்லும் பெயர்கள் பத்துக்குமேல் எங்களிடம் இல்லை. தெற்குவாடிப் பெரியவர் காற்று திரும்பும் நேரத்துக்கு ஒரு சொல் சொல்லியிருந்தார். கொண்டல் ஓய்ந்து சோழகம் பிடிப்பதற்கு முன் கடல் அசையாமல் கிடக்கும் ஒரு பொழுதுக்கு. பட்டியலில் அந்த வரியின் முதல் இடத்தை வெறுமையாக விட்டு, விளக்கத்தை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது அந்தச் சொல் தெரிந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள்.